அப்பாவின் மேசை இழுப்பறையில் மீந்த அஞ்சல்தலைகளை என்ன செய்யலாம்?

கேள்வி – கும்பகோணம் வாசகி

வணக்கம். சென்ற மாதம் கும்பகோணத்தில் எங்கள் பழைய வீட்டைக் காலி செய்தபோது அப்பாவின் மேசை இழுப்பறையிலிருந்து மூன்று பொருள்கள் கிடைத்தன. அப்பா ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். நாளுக்கு ஒரு கடிதமாவது எழுதாமல் படுக்கமாட்டார்.

முதலாவது, ஒரு காக்கி உறை நிறையப் பயன்படுத்தாத அஞ்சல்தலைகள். 25, 35, 50, 60 பைசாத் தலைகளும் 1 ரூபாய், 2 ரூபாய்த் தலைகளுமாக, எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வாங்கி மீந்தவை. கட்டணம் உயர்ந்தபோதெல்லாம் பழைய மதிப்புத் தலைகளை ஓரமாக வைத்துவிட்டுப் புதியவற்றை வாங்கியிருக்கிறார் போலும். கூட்டிப் பார்த்ததில் 214 ரூபாய் 35 பைசா வருகிறது. இவற்றில் ஏறக்குறைய முப்பது தலைகள் மழைக்கால ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டி, அட்டைபோல் கெட்டியாகிவிட்டன. இவை தவிர சிங்கத் தலைப்படத்துடன் ‘சர்வீஸ்’ என்று அச்சிட்ட சில தலைகளும் இருக்கின்றன.

இரண்டாவது, ஒரு பிஸ்கட் டப்பா. நாங்கள் சிறுவயதில் கடித உறைகளிலிருந்து மூலையைக் கிழித்துப் போட்டுவைத்த தலைகள் அதில் காகிதத்தோடு அப்படியே கிடக்கின்றன. காந்தி படம் போட்ட ஒன்றரை அணாத் தலை ஒன்றும் அதில் இருக்கிறது.

மூன்றாவது, சணல் கயிற்றால் கட்டிய கடித உறைகளின் கட்டு. கொழும்பில் மளிகைக் கடை வைத்திருந்த அப்பாவின் நண்பர் எழுதியவையும் அதில் உண்டு.

காந்தி தலை ஒன்றே லட்சக்கணக்கில் போகும் என்று என் மைத்துனர் சொல்கிறார். எல்லாவற்றையும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடலாம் என்கிறான் என் மகன். இரண்டு பேரையும் நம்ப மனமில்லை. பைசாத் தலைகளை இன்றும் கடிதத்தில் ஒட்டலாமா, ஒட்டிப்போனவற்றைப் பிரிக்க முடியுமா, டப்பாவில் இருப்பவற்றைக் காகிதத்திலிருந்து எடுப்பது எப்படி என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1 – ஓய்வுபெற்ற அஞ்சல் எழுத்தர், திருச்சி

அம்மா, முப்பத்தொரு ஆண்டுகள் கவுன்ட்டரில் உட்கார்ந்தவன் என்ற முறையில் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

பைசாத் தலைகளைத் தாராளமாக ஒட்டலாம். 25 பைசாவும் அதற்குக் கீழான காசுகளும் 2011 ஜூன் 30 முதல் செல்லாமல் போனதை வைத்து, தலையும் செல்லாது என்று பலர் நினைக்கிறார்கள். கவுன்ட்டரில் புதிதாக வந்து அமரும் பிள்ளைகளிலும் சிலர் அப்படியே எண்ணிக்கொண்டு திருப்பி அனுப்புவதுண்டு. அந்த அறிவிப்பு நாணயத்தைப் பற்றியது. தலையில் அச்சிட்ட மதிப்பு அஞ்சல் கட்டணத்துக்கான மதிப்பு; அது அப்படியே நிற்கிறது. யாராவது மறுத்தால் வாதாடாமல் அஞ்சலக அதிகாரியைப் பார்த்துக் கேளுங்கள். சாதாரணக் கடிதமாக இருந்தால் கவுன்ட்டருக்கே போக வேண்டியதில்லை, தெருமுனைச் சிவப்புப் பெட்டி போதும்.

இப்போது 20 கிராம் வரையுள்ள சாதாரணக் கடிதத்துக்கு 5 ரூபாய். உங்களிடம் இருக்கும் மதிப்புகளை வைத்து அதைச் சரியாகக் கட்டுவது ஒரு சின்னக் கணக்கு. 2 ரூபாய்த் தலை இரண்டும் 50 பைசாத் தலை இரண்டும் எளிய வழி. 35 பைசாதான் தொல்லை பிடித்தது. ஆனால் 35 பைசாத் தலை நான்கோடு 60 பைசாத் தலை ஒன்றைச் சேர்த்தால் சரியாக 2 ரூபாய் வந்துவிடும். அந்தக் காலத்தில் சில்லறைத் தலைகள் மீந்துபோன அலுவலகங்களுக்கு நானே இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

ஒட்டும்போது ஒரு தலை மேல் இன்னொன்று ஏறக் கூடாது. ஒவ்வொரு தலையின் மதிப்பும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஒவ்வொன்றின் மீதும் முத்திரை விழவும் வேண்டும். இருபது 25 பைசாத் தலைகளை ஒட்டிய உறை வந்தால் அன்றைக்கு முத்திரை குத்துபவர் உங்களை மனத்துக்குள் வாழ்த்துவார். ஆகவே பத்துப் பன்னிரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெரிய உறையாக எடுத்து, முகவரியை இடப்பக்கம் சற்றுக் கீழே எழுதி, வலப்பக்கம் முழுவதையும் தலைகளுக்கு விட்டுவிடுங்கள். தலைகளுக்கும் எடை உண்டு என்பதால் கடிதத் தாள் மூன்று நான்குக்கு மேல் வேண்டாம். கோந்து போன தலைகளானாலும் வீட்டுப் பசை தடவி ஒட்டலாம். அஞ்சலகத்தில் கோந்துக் கிண்ணம் வைத்திருந்ததே அதற்குத்தான்.

‘சர்வீஸ்’ தலைகள் அரசு அலுவலகங்களின் கடிதங்களுக்கென அச்சிட்டவை. தனியார் கடிதத்தில் அவை கட்டணமாக எடுபடாது. அப்பாவுக்கு ஏதோ ஓர் அரசு அலுவலகத்திலிருந்து வந்து சேர்ந்திருக்கும், சேகரிப்பில் வைத்துக்கொள்ளுங்கள். காக்கி உறையில் ரெவின்யூ ஸ்டாம்பு கலந்திருந்தால் அதையும் பிரித்துவிடுங்கள், அது ரசீதுக்கானது. மீந்த தலைகளைக் கொடுத்தால் அஞ்சலகம் பணம் திருப்பித் தராது. டப்பாவில் இருப்பவற்றில் முத்திரை விழாமல் தப்பியவை சில இருக்கலாம். அவற்றை மறுபடி ஒட்டுவது சட்டப்படி குற்றம் என்பதை மகனுக்கும் சொல்லி வையுங்கள்.

பதில் 2 – மதுரை, வீட்டுச் சேகரிப்பாளர்

இரண்டாவது, மூன்றாவது கேள்விகளை நான் எடுத்துக்கொள்கிறேன். நாற்பது ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் செய்யும் வேலை இது. இதில் கெடுத்தவையும் ஏராளம்.

டப்பாவில் இருப்பதைத் தண்ணீரில் கொட்டுவதற்கு முன் பிரித்து அடுக்குங்கள். காக்கி உறையில் ஒட்டியவை ஒரு குவியல், வண்ண உறையில் ஒட்டியவை ஒரு குவியல், வெள்ளை உறையில் ஒட்டியவை ஒரு குவியல். காகிதத்தின் மீது ஊதா நிற ரப்பர் முத்திரையோ சிவப்பு மையோ பட்டிருந்தால் அது தனி. இந்த ஊதா மை இருக்கிறதே, அது ஒரு துண்டில் இருந்தாலும் கிண்ணத்துத் தண்ணீர் முழுவதையும் கத்தரிப்பூ நிறமாக்கி, கூட ஊறிய வெள்ளை ஓரங்கள் அனைத்தையும் கறையாக்கிவிடும். 1983 வாக்கில் என்னுடைய தலைகள் அறுபதை அப்படித்தான் இழந்தேன். அத்தகையவற்றை ஊற வைக்காமல், தலையைச் சுற்றி அரை விரல் அகலம் காகிதம் விட்டுக் கத்தரித்து அப்படியே வைப்பது நல்லது.

அகலமான பீங்கான் தட்டில் கைபொறுக்கும் வெதுவெதுப்பில் தண்ணீர் எடுத்து, படம் மேலே பார்க்க மிதக்க விடுங்கள். ஒரு முறைக்கு இருபதுக்கு மேல் வேண்டாம். பத்து நிமிடம் முதல் இருபது நிமிடத்துக்குள் தலை தானாகக் காகிதத்தை விட்டு நழுவும். நழுவாவிட்டால் காத்திருக்க வேண்டும். நகத்தால் உரித்தால் தலையின் பின்புறத்தில் ஒரு படலம் கிழிந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தேய்ந்த வேட்டிபோல் மெலிந்த இடம் தெரியும். பிரிந்த பிறகு வேறு தண்ணீரில் ஒரு முறை அலசி, பின்புறத்தில் வழுவழுப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். வழுவழுப்பு இருந்தால் கோந்து மீதி இருக்கிறது, காய்ந்ததும் அது தாளோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு மையுறிஞ்சும் தாளின் மீது படம் கீழே இருக்கும்படி பரப்பி நிழலில் காய விடுங்கள். செய்தித்தாளில் காயப்போட்டால் அதன் மை தலையில் ஏறும். காய்ந்தவை அப்பளம்போல் வளைந்திருக்கும். கனமான அகராதிக்குள் இரண்டு நாள் வைத்தால் படிந்துவிடும்.

வெளிநாட்டு உறவினர் அனுப்பியவை இருந்தால் ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவிலிருந்து கடந்த இருபது ஆண்டுகளில் வந்த ஸ்டிக்கர் வகைத் தலைகள் பெரும்பாலும் எவ்வளவு ஊறினாலும் விடுவதில்லை. அவற்றையும் காகிதத்தோடு கத்தரித்து வைப்பதே வழி.

ஒட்டிப்போன புதுத் தலைகளுக்கு முதலில் குளிர்பதனப் பெட்டியை முயன்று பாருங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் வைத்து ஃபிரீஸரில் ஒரு இரவு விட்டு, எடுத்தவுடன் மெதுவாக வளைத்துப் பார்த்தால், கோந்து விறைத்துப்போயிருப்பதால் சில தலைகள் ‘டிக்’ என்று தாமாக விடும். விடாதவற்றைத் தண்ணீரில் போடுவதைத் தவிர வேறு வழி இல்லை. கோந்து போய்விடும், ஆனால் மேலே ஐயா சொன்னபடி பசை தடவிக் கடிதத்தில் ஒட்டலாமே.

இனிமேல் வைக்கும்போது செல்லோடேப், ஃபெவிகால் இரண்டும் பக்கத்திலேயே வரக் கூடாது. தலைகளைச் செருகி வைக்கும் ஸ்டாக் புத்தகம் ஒன்று வாங்குங்கள், அதை அலமாரியில் படுக்கப் போடாமல் நிறுத்தி வையுங்கள். படுக்கப் போட்டால் அதன் எடையே ஐப்பசி ஈரத்தில் தலைகளை ஒட்டவைத்துவிடும்.

பதில் 3 – சென்னை வாசகர்

ஓய்வுபெற்ற ஐயாவோடு ஒரு சிறு கருத்து வேறுபாடு. எல்லாவற்றையும் கடிதத்தில் ஒட்டிவிட வேண்டாம். ஒவ்வொரு மதிப்பிலும் படத்திலும் நல்ல நிலையில் உள்ள ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு மற்றதை ஒட்டுங்கள். விலைக்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் காலத் தலைகள் லட்சக்கணக்கில் அச்சானவை. வியாபாரியிடம் கொண்டுபோனால் அச்சிட்ட மதிப்பைக்கூடத் தரமாட்டார். ஆனால் 1965இல் தொடங்கிய வரிசையில் தேயிலை பறிக்கும் பெண் 15 பைசாவுக்கும், மாம்பழம் 50 பைசாவுக்கும், கடிதம் எழுதும் பெண்ணின் சிற்பம் 1 ரூபாய்க்கும், பக்ரா அணை 5 ரூபாய்க்கும், டிராம்பே அணு உலை 10 ரூபாய்க்கும் இருந்ததை வரிசையாக வைத்துப் பார்த்தால், எந்தப் பொருளை எந்த மதிப்பில் வைத்தார்கள் என்பதே சுவையாக இருக்கும். உங்கள் டப்பாவில் இவற்றில் பாதியாவது கட்டாயம் இருக்கும்.

மைத்துனரின் காந்தி தலையைப் பற்றி. 1948 ஆகஸ்ட் 15 அன்று, விடுதலையின் முதல் ஆண்டு நிறைவில், காந்தி தலைகள் ஒன்றரை அணா, மூன்றரை அணா, 12 அணா, 10 ரூபாய் என நான்கு மதிப்புகளில் வெளியாயின. சுவிட்சர்லாந்தில் அச்சிட்டவை அவை. ஒன்றரை அணா என்பது அன்றாடக் கடிதங்களில் ஒட்டியதால் பெருவாரியாகக் கிடைக்கிறது. முத்திரை விழுந்த ஒன்றுக்கு லட்சம் என்பது கனவு. லட்சக் கதை எங்கிருந்து வந்தது என்றால், அதே வரிசையின் 10 ரூபாய்த் தலையில் ‘சர்வீஸ்’ என்று மேலச்சிட்டவை மிகச் சில. அவற்றில் நான்கு சேர்ந்த ஒரு பட்டை 2017இல் இங்கிலாந்தில் 5 லட்சம் பவுண்டுக்கு விலைபோனது. செய்தித்தாளில் ‘காந்தி தலை’ என்று மட்டும் படித்தவர்கள் அன்றிலிருந்து வீட்டில் உள்ள ஒன்றரை அணாவை வங்கி லாக்கரில் வைக்கத் தொடங்கினார்கள்.

என்னைக் கேட்டால், மூன்றாவதாகச் சொன்ன உறைக் கட்டுதான் உங்களிடம் இருப்பதிலேயே கவனிக்க வேண்டியது. தயவுசெய்து அதிலிருந்து ஒரு தலையையும் கிழிக்காதீர்கள். முழு உறையில் தலை, முத்திரை, ஊர், தேதி, கட்டணம் எல்லாம் ஒன்றாக நிற்கின்றன. தலையை உரித்தால் மற்ற நான்கும் குப்பைக்குப் போகும். அஞ்சலட்டையிலும் இன்லாந்துக் கடிதத்திலும் அச்சாகியிருக்கும் தலைப்படத்தை வெட்டி எடுப்பதும் அப்படித்தான், வெட்டிய துண்டை எந்தச் சேகரிப்பாளரும் விரும்பமாட்டார்.

குறிப்பாக 1971 நவம்பர் 15க்குப் பிந்தைய உறைகளைப் பாருங்கள். கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகளுக்காகக் கடிதங்களுக்கு 5 பைசா கூடுதலாக விதித்தார்கள். தனித் தலை டிசம்பர் 1 அன்றுதான் வெளிவந்தது. அதுவரை குடும்பக் கட்டுப்பாட்டுப் படம் கொண்ட 5 பைசாத் தலையின் மீது ‘ரெஃப்யூஜி ரிலீஃப்’ என்று மேலச்சிட்டு விற்றார்கள். நாசிக்கில் அச்சானவை போதாமல் பல ஊர்களில் ரப்பர் முத்திரை செய்து உள்ளூரிலேயே குத்திக்கொண்டார்கள். ரப்பர் முத்திரையை யார் வேண்டுமானாலும் போலியாகச் செய்யலாம் என்பதால் தனித் தலைக்கு நம்பகம் குறைவு. ஊர் முத்திரையும் தேதியும் தெளிவாக விழுந்த உறையில் இருந்தால் அதன் பேச்சே வேறு.

சென்னைப் பக்கம் வந்தால் அண்ணா சாலை தலைமை அஞ்சலகத்தில் உள்ள அஞ்சல்தலைப் பிரிவைப் பாருங்கள். 200 ரூபாய் கட்டிக் கணக்குத் தொடங்கினால் புதிய தலைகளை வீட்டுக்கே அனுப்புகிறார்கள். மகனுக்கு ஆர்வம் வந்தால் பயன்படும்.

பதில் 4 – மட்டக்களப்பு வாசகர்

எங்கள் ஊரில் நீங்கள் சொல்லும் அஞ்சல்தலைக்கே ‘முத்திரை’ என்றுதான் பெயர். தலை ஒவ்வொன்றின் மீதும் முத்திரை விழ வேண்டும் என்று படித்தபோது சற்றுத் திகைத்துத்தான் போனேன். கொழும்புக் கடிதங்களில் ‘சிலோன்’ என்று ஆங்கிலத்தில் இருந்தால் அவை 1972 மே மாதத்துக்கு முன் வெளியான முத்திரைகள். குடியரசான பிறகு ‘ஸ்ரீ லங்கா’ என்று மாறியது. நாட்டின் பெயரைத் தமிழில் ‘இலங்கை’ என்று தாங்கியவை உங்கள் உறைக் கட்டில் கட்டாயம் இருக்கும். அஞ்சல்தலையில் தமிழ் எழுத்தைத் தேடும் பிள்ளைகளுக்கு முதலில் அதைக் காட்டுங்கள். உறையைக் கிழிக்க வேண்டாம் என்று சென்னை அன்பர் சொன்னதை நானும் வழிமொழிகிறேன்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி – மூன்று வாரங்களுக்குப் பின்

நால்வருக்கும் நன்றி. செய்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஃபிரீஸர் வைத்தியத்தில் முப்பதில் பதினொன்று பிரிந்தன. மிச்சத்தைத் தண்ணீரில் போட்டேன். நான்கு தலைகள் கிழிந்தன, மற்றவை கோந்தில்லாமல் பிழைத்தன. ஊதா மையைப் பற்றி மதுரை ஐயா அவ்வளவு சொல்லியும், சங்கத்தின் ரப்பர் முத்திரை பட்ட ஒரு துண்டைக் கவனிக்காமல் போட்டுவிட்டேன். தட்டில் இருந்த பதினெட்டும் இப்போது ஊதா ஓரத்தோடு இருக்கின்றன. அவற்றை மகன் ஒரு தாளில் ஒட்டி ‘அம்மாவின் வரிசை’ என்று பெயர் வைத்திருக்கிறான்.

35 பைசாக் கணக்கின்படி திருச்சியில் உள்ள அக்காவுக்கு ஒரு கடிதம் போட்டேன். 35 பைசாத் தலை நான்கு, 60 பைசா ஒன்று, 1 ரூபாய்த் தலை மூன்று. நான்காம் நாள் போய்ச் சேர்ந்துவிட்டது. எட்டில் ஏழு தலைகளில் முத்திரை விழுந்திருக்கிறது, ஒன்று தப்பிவிட்டது என்று அக்கா தொலைபேசியில் எண்ணிச் சொன்னாள். தப்பியதைப் பிரித்து ஒட்டக் கூடாது என்று அவளுக்கும் சொல்லிவிட்டேன்.

உறைக் கட்டில் 1971 டிசம்பர் தேதியிட்ட நான்கு உறைகள் இருந்தன. மூன்றில் டிசம்பரில் வந்த தனித் தலை. நான்காவதில், ஓரமாகச் சற்றுச் சாய்ந்து, 5 பைசாக் குடும்பக் கட்டுப்பாட்டுத் தலையின் மீது கறுப்பு மையில் அந்த இரண்டு சொற்கள் குத்தியிருக்கின்றன. இரண்டாம் சொல்லின் கடைசி எழுத்து பாதிதான் விழுந்திருக்கிறது. கும்பகோணத்து வட்ட முத்திரையில் டிசம்பர் 4 என்ற தேதி தெளிவாகத் தெரிகிறது. உள்ளே அப்பா தன் தம்பிக்கு எழுதிய கடிதம், ஏனோ அனுப்பிய கடிதமே திரும்பி வந்திருக்கிறது. அதில் பாதி சங்கத்து உரக் கணக்கு. கடைசி வரியில், நேற்று வானொலியில் போர்ச் செய்தி கேட்டதாகவும் மண்ணெண்ணெய் இரண்டு டின் வாங்கி வைக்கும்படியும் எழுதியிருக்கிறார்.

அந்த உறையை இப்போது தனி உறையில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வகையிலும் ஒன்றை எடுத்துவைத்ததும் கிழிந்ததும் போக, காக்கி உறையில் இன்னும் 187 ரூபாய் 20 பைசா மீதமுள்ளது. கடிதம் எழுதத்தான் ஆள் தேட வேண்டும்.